முந்தானையில் ஒட்டிய கண்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் ராமாயி அத்தை தன் மாமியாரின் இரண்டு கண்களையும் துடைத்து எடுத்துவிட்டார். மாமியார் செத்து அறுபத்தொரு வருடமாகிறது. கண்கள் இருந்தது படத்தில்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு அடுத்த காம்பிராவில் நான் இருக்கிறேன். கொட்டகலை ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் லயத்தில் நடுச்சுவர் என்பது பெயருக்குத்தான். அத்தையின் கணவர் நல்லமுத்து மாமா தும்மினால் என் வீட்டுக் கைப்பிள்ளை விழித்துக்கொள்ளும். ஆகவே இந்தக் கதையில் நான் ஒட்டுக்கேட்டது எதுவும் இல்லை. எல்லாம் தானாக வந்து காதில் விழுந்ததுதான்.

அன்று விடியற்காலையிலிருந்தே மழை. கூரைத் தகரத்தில் எங்கெங்கே ஓட்டை என்று எங்களுக்குத் தெரியும். புது ஓட்டை எங்கே விழும் என்பது மழைக்குத்தான் தெரியும். அது பேச்சாயி பாட்டியின் படத்துக்கு நேர் மேலே விழுந்தது. தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கி, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் தேங்கிவிட்டது. ராமாயி அத்தை பதறிப்போய்ப் படத்தைக் கழற்றினார். சட்டத்தின் முன்பக்கம் உளுத்திருந்ததால் கண்ணாடி கையோடு வந்துவிட்டது. ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"ஐயோ, என்னாங்க! இங்க வாங்களேன். மாமி கண்ணு என் முந்தானையில வந்திருச்சுங்க!"

நல்லமுத்து மாமாவுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். அத்தையின் வெள்ளை முந்தானையில் இரண்டு கறுப்புக் கறைகள். படத்தில் பேச்சாயி பாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மையால் எழுதிய கண் அழிந்து, அடியில் மூடிய இமை தெரிந்தது. அது மட்டுமல்ல. நெற்றியில் அரை விரல் அகலத்துக்கு ஒரு பொட்டு இருக்கும். அதிலும் சிவப்பு கரைந்து, பொட்டு இருந்த இடத்தில் ஒரு காசு இருந்தது. பாட்டிக்குப் பெரிய பொட்டு வைக்கும் பழக்கம் என்று சொல்லி, அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் படையல் அன்றைக்குப் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொள்வார்கள். கட்டிவந்த மருமகள்களும் வைப்பார்கள். ராமாயி அத்தை நாற்பது வருடமாக வைத்தது செத்தவர் நெற்றியில் வைக்கும் காசுக்கு நேராகத்தான்.

மாமா வந்து பார்த்தார். அரிசிப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அம்மா தூங்குது," என்றார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. தாய் சாகும்போது இரண்டு வயது. தாய் முகம் என்று அவருக்குத் தெரிந்தது அந்தப் படம்தான். கொழும்புக்கு வேலை தேடிப் போனபோதும், வேலை கிடைக்காமல் திரும்பி வந்து ஃபெக்டரியில் சேர்ந்தபோதும், மகள் சுதர்ஷினி பிறந்தபோதும் அந்தக் கண்களைப் பார்த்துத்தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். இவ்வளவு காலம் ஒரு பிணத்தின் படத்தோடு பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கீழ் லயத்திலிருந்து மாமாவின் அண்ணன் ஆண்டியப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எழுபத்து மூன்று வயதிலும் வேலை ஏவும் கண்டாக்கையா மாதிரி நடப்பார். குடும்பத்தில் பெண் எடுப்பதா, பெண் கொடுப்பதா, சாமிக்குக் கோழியா, ஆடா, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

"எனக்குத் தெரியும்," என்றார். "செத்த அன்னைக்கி நாக்காலியில உக்கார வச்சு எடுத்த படந்தான் அது. உசுரோட இருக்கையில அம்மாவ யாரு படம் எடுத்தா? அம்மாவ மட்டுமா? இந்தத் தோட்டத்துல யார எடுத்தாங்க?"

"ஏண்ணே இம்புட்டு நாளா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? பால்குடி மறக்காத பய நீ. அம்மா பாக்குதுடான்னா சிரிப்ப. அப்பறம் வளந்துட்ட. அதுக்கப்பறம் எதுக்குச் சொல்லணும்?" படத்தைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. கண்ணு மூடுன படத்துக்கு முன்னால வெளக்கு வைக்கக் கூடாது. கண்ணத் தொறக்க வழி பாரு. இல்லாட்டி இந்த வருசம் படையல் கெடையாது."

எங்கள் பக்கம் தீபாவளிக்கு முந்தின நாள் சாயந்தரம் செத்தவர்களுக்குப் படைப்போம். பேச்சாயி வம்சம் பிள்ளை குட்டிகளோடு அறுபது தலைக்கு மேல். கொழும்பு, ஹட்டன், வட்டவளை, கட்டார் வரைக்கும் சிதறிக் கிடக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கூட எல்லோரும் வருவதில்லை. அந்த ஒரு சாயந்தரத்துக்கு வந்துவிடுவார்கள். வந்து சண்டையும் போடுவார்கள், ஒரே சட்டியில் சோறும் தின்பார்கள். ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் யார் வருவார்கள் என்று நல்லமுத்து மாமாவுக்குப் பயம். ராமாயி அத்தைக்கு வேறு பயம். மாமியார் தன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கண்ணை மூடிக்கொண்டாராம். அந்த முந்தானையைத் துவைக்கவும் மனமில்லை, கட்டவும் மனமில்லை. மடித்துச் சாமித்தட்டில் வைத்திருந்தார்.

சுதர்ஷினி படித்த பிள்ளை. போனில் படத்தைப் பிடித்து ஏதோ செய்தாள். "அப்பா, இங்க பாருங்க, அப்பாயி கண்ணத் தொறந்துட்டாங்க."

போனில் பேச்சாயி கண் திறந்தது மட்டுமல்ல, இரண்டு தரம் சிமிட்டிச் சிரிக்கவும் செய்தார். ராமாயி அத்தை அலறிய அலறலில் என் மனைவி அடுப்பிலிருந்த ரொட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

மாமா போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "இது யாரு புள்ள?"

"அப்பாயி தான்ப்பா."

"இல்லம்மா. இது யாரோ சினிமாக்காரி. எங்கம்மா கண்ணு எனக்குத் தெரியாதா?"

அது எழுதிய கண் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் சொன்னார்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது படத்தை ரெக்சின் பையில் சுற்றிக்கொண்டு என் ஆட்டோவில் ஏறினார். கொட்டகலை பஜாரில் ஹமீத் நானாவின் கடை. இப்போது போட்டோக் கொப்பியும் போன் கவரும்தான் ஓடுகிறது. அந்தக் காலத்தில் அது ஸ்டூடியோ. ஹமீத் நானாவின் வாப்பாதான் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் பெட்டிக் கமராவோடு போனவர்.

ஹமீத் நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது அவருக்கு ஆச்சரியமாக இல்லை.

"வாப்பாட கைதான். இது மாதிரி நூறு இருக்கும் இந்தப் பக்கத்துல. தோட்டத்துக்குப் படம் எடுக்கக் கூப்புடுறதே மவுத்துக்குத்தானே. கலியாணத்துக்குக் கூப்புட ஆருக்கு வசதி? மவுத்தானவங்கள உக்கார வச்சு எடுப்பாரு. பொறகு கடையில வந்து கண்ணு எழுதுவாரு."

"கண்ண என்னத்தப் பாத்து நானா எழுதுவாரு?" மாமா கேட்டார். "அவரு எங்கம்மாவ உசுரோட பாத்ததே இல்லியே."

"அதுக்குத்தான் வாப்பா ஒரு வேல செய்வாரு. வீட்டுப் புள்ளைகள வரிசையா நிப்பாட்டி, ஆரு தாய உரிச்சு வச்சிருக்குன்னு கேப்பாரு. அந்தப் புள்ளைட மொகத்தக் கிட்டத்துல வச்சு ஒரு சின்னப் படம் எடுப்பாரு. அதப் பாத்துத்தான் எழுதுறது. எழுதி முடிஞ்சா அந்தச் சின்னப் படத்தப் பின்பலகைக்குள்ள வச்சு ஆணி அடிச்சிருவாரு. பின்னால ஒரு காலத்துல கண்ணு அழிஞ்சா, எழுதுறவனுக்கு வேணுமே."

அவர் குறட்டால் பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கினார். இரண்டு பலகைக்கு நடுவில் பழுப்புக் காகிதம். அதற்குள் தீப்பெட்டி அளவு ஒரு படம். ஈரம் அதுவரை போகவில்லை.

ஒரு சிறுமி. ஏழெட்டு வயதிருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிச் சீவிய தலை, ரிப்பன். கண்களை அகல விரித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா சுவரில் பார்த்து வளர்ந்த கண்கள் அவை. நானும் அடுத்த காம்பிராவிலிருந்து வந்து போய்ப் பார்த்து வளர்ந்தவன்தான். எனக்கே தெரிந்தது.

"எங்கக்கா," என்றார் மாமா.

பேச்சாயிக்கு நாலு பிள்ளைகள், நாலும் ஆண் என்றுதான் எங்கள் லயத்தில் சொல்வார்கள். அவர்களோடு ஒருத்தியும் இருந்தாள் என்று என் அம்மா ஒருதரம் வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே வேறு பேச்சுக்குப் போனது நினைவுக்கு வந்தது. நாகலெட்சுமி. எழுபத்தெட்டாம் வருடம் தோட்டத்துக்குக் கரண்டு கம்பி இழுக்க வந்த குணபால என்ற சிங்களப் பையனோடு போய்விட்டார். அன்றைக்கு இந்த வம்சம் அவரைத் தலைமுழுகியது.

"இது போதும்," ஹமீத் நானா சொன்னார். "நான் வாப்பா அளவுக்கு இல்ல. ஆனா கை மறக்கல்ல. வச்சிட்டுப் போங்க, நாளண்ணைக்குத் தாறன்."

மாமா சின்னப் படத்தைக் கையில் எடுத்தார். பெரிய படத்தையும் பையில் போட்டார்.

"வேணாம் நானா."

"ஏன்?"

"கண்ணுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. அவங்களக் கேக்காம எப்படி?"

இரண்டு நாள் படம் பைக்குள்ளேயே கிடந்தது. ராமாயி அத்தை படையல் உண்டா இல்லையா என்று தெரியாமலே அரிசி ஊறப்போட்டார். கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் காலை, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றார்.

"மாப்ள, அக்கா இருக்குற பொல்பிட்டிய எம்புட்டுத் தூரம்?"

"போயிட்டுச் சாயந்தரத்துக்குள்ள வந்துரலாம் மாமா."

ஹட்டன் தாண்டினோம். மழை விட்டிருந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் யாரும் மலையில் இல்லை, நாளைக்குத் தீபாவளி. வட்டவளை இறக்கத்தில் மாமா பேச ஆரம்பித்தார்.

"அப்பா செத்தது தொண்ணூறுல. அக்காவுக்கு யாரோ சொல்லி, அது வந்துச்சு. லயத்துக்குக் கீழ, பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல வச்சு அண்ணன் நிப்பாட்டிருச்சு. இதுக்கு மேல ஒரு அடி வச்சீன்னா அப்பா பொணம் எந்திரிக்காதுன்னுச்சு. அக்கா ஒண்ணுமே பேசல. பொணம் போற வரைக்கும் அங்கயே நின்னுட்டுத் திரும்பிப் போயிருச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க மாமா?"

"அண்ணனுக்குப் பக்கத்துலதான் நின்னேன். இருவத்தெட்டு வயசு. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

நான் கியரை மாற்றினேன்.

கினிகத்தேனையிலிருந்து கீழே இறங்க இறங்கக் குளிர் விட்டு, வேர்வை வந்தது. பவர் ஸ்டேஷனுக்குக் கிட்டே ஒரு கடையில் சிங்களத்தில் விசாரித்தேன். குணபால செத்து ஐந்து வருடமாகிறதாம். பெண்சாதி இருக்கிறார், அந்தப் பலா மரத்து வீடு என்றார்கள்.

முற்றத்தில் ஒரு அம்மா புளிக்குப் போடும் கொரக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். சிங்களப் பெண்கள் வீட்டில் போடும் சீத்தைத் துணிச் சட்டை, இடுப்பில் சுற்றிய துண்டு. ஆட்டோச் சத்தத்துக்கு நிமிர்ந்தார். எங்கள் லயத்துச் சுவரிலிருந்த கண்கள் முற்றத்தில் நின்று என்னைப் பார்த்தன.

மாமாவைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். முப்பத்தைந்து வருடம் கழித்துப் பார்க்கிறவர் வா என்று சொல்லவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"யாரு போயிட்டாங்க?" என்றார்.

சாவுச் செய்தி சொல்லத்தான் தன்னிடம் ஆள் வரும் என்று முடிவு செய்து வைத்திருந்திருக்கிறார்.

"யாரும் போகலக்கா."

"பெரியண்ணன்?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப எதுக்கு வந்த?"

மாமா பையிலிருந்து பெரிய படத்தை எடுத்துத் திண்ணை ஓரம் சாய்த்து வைத்தார். சின்னப் படத்தை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். வந்த கதையைச் சொன்னார். தகரம் ஒழுகியது, முந்தானை, சினிமாக்காரி, ஹமீத் நானா, எல்லாம். சினிமாக்காரிக்கு மட்டும் அந்த அம்மா லேசாகச் சிரித்தார். பிறகு உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்தார். அந்தத் துண்டுப் படத்தைக் கையிலிருந்து விடவே இல்லை. பேச ஆரம்பித்தபோது எங்கள் தோட்டத்துத் தமிழ்தான் வந்தது. இடையிடையே வார்த்தைக்காக நின்று தேடினார்.

"இது எடுத்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அம்மாவ உக்கார வச்சுப் படம் புடிச்சுட்டு, அந்த நானா எங்கள நிப்பாட்டிப் பாத்தாரு. எல்லாரும் என்னையக் காட்டுனாங்க. பக்கத்து வீட்டு அக்கா மொகம் கழுவி, தல சீவி, ரிப்பன் கட்டி விட்டுச்சு. அம்மா செத்த அன்னைக்கி எனக்கு ரிப்பன். இஸ்தோப்புல முக்காலியில உக்கார வச்சாங்க. எனக்கு அழுக முட்டிகிட்டு வருது. அழுதா கண்ணு செவந்துரும், படம் கெட்டுப்போகும்னு நானா சொல்றாரு. பெரியண்ணனுக்குப் பன்னெண்டு வயசு. அதுதான் என் தாடையப் புடிச்சுகிட்டு, படம் எடுத்து முடியட்டும் தாயி, அப்பறம் அழுவலாம், படம் எடுத்து முடியட்டும்னு சொல்லிகிட்டே நிக்குது. அதுக்கும் கண்ணுல தண்ணி."

நிறுத்தித் தேத்தண்ணியைக் குடித்தார்.

"வெளிச்சம் பத்தலன்னு கொஞ்ச நேரம் உக்காத்தி வச்சிருந்தாரு. மூடாம, சிமிட்டாம. எடுத்து முடிச்சுட்டு நான் எறங்கிப் பாக்குறேன், அம்மாவத் தூக்கிட்டாங்க. பாடை மலக் குறுக்குப் பாதையில போவுது. அப்பறம் எனக்கு அழுக வரல நல்லமுத்து. அன்னைக்கி அடச்சதுதான். இவரு போனப்பக்கூட எனக்குச் சரியா வரல. கல்நெஞ்சுக்காரின்னு இங்க ஊருல பேசிகிட்டாங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா, நாங்க அம்பது வருசமா ஒங்க கண்ணுக்குத்தான் வெளக்கு வச்சிருக்கோம். ஒங்கள வெளிய நிப்பாட்டிட்டு."

"தெரியாம வச்சீங்க."

"இப்பத் தெரியுதுல்ல. வாங்க, போவோம். இன்னைக்குப் படையல்."

"பெரியண்ணன் கூப்புட்டுச்சா?"

மாமா பொய் சொல்லவில்லை. "இல்ல. நான் கூப்புடுறேன். பெரட்டுக்களத்துல பேசாம நின்ன வாய் கூப்புடுது."

அந்த அம்மா சுளகிலிருந்த கொரக்காயை ஒரு பையில் அள்ளினார். பிறகு உள்ளே போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். நம் மாதிரிக் கட்டு. முன்கொசுவம் மட்டும் சரியாக வரவில்லை. கையில் ஒரு பை கொரக்காய், ஒரு குத்திக் கருப்பட்டி.

நாங்கள் தோட்டத்துக்கு ஏறும்போது மணி ஐந்து. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பெரட்டுக்களத்துக்கு வந்ததும் அந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

"நிப்பாட்டுங்க தம்பி."

இறங்கி, களத்து ஓரத்தில் கல் பதித்த இடத்தில் நின்றுகொண்டார். "இதுக்கு மேல வராதேன்னு சொன்னாங்க. சொன்னவங்க வந்து சொல்லட்டும்."

மாமா படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறினார். அங்கே நடந்ததை ராமாயி அத்தை பிறகு எனக்குச் சொன்னார். அறுபது பேருக்கு நடுவில் ஆண்டியப்பன் பெரிய மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். மாமா அவர் கையில் சின்னப் படத்தை வைத்தாராம்.

"கண்ணத் தொறக்கச் சொன்னீங்கள்ல. கூட்டியாந்துருக்கேன். கீழ நிக்குது."

பெரிய மாமா படத்தை விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாராம். "அந்த ரிப்பன் நான் வாங்கியாந்தது," என்று மட்டும் சொன்னாராம்.

கீழே நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். "குளிருதாம்மா?" என்றேன். "பழக்கம் விட்டுப்போச்சு தம்பி," என்றார். லயத்துப் பக்கமிருந்து எண்ணெயில் பலகாரம் வேகும் வாசம் வந்தது. பனிக்குள் ஒரு குடை இறங்கி வருவது தெரிந்தது. பின்னால் நல்லமுத்து மாமா. அவருக்குப் பின்னால் எட்டி எட்டி ஒவ்வொருவராக.

பெரிய மாமா அந்த அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். குடையை மடக்கினார். நாற்பத்தேழு வருடமாக அந்தப் பெயரை வீட்டில் சொல்லவிடாதவர். திட்டப்போகிறாரா, கையெடுத்துக் கும்பிடப்போகிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. கையை நீட்டித் தங்கையின் தாடையைப் பிடித்தார்.

"படம் எடுத்து முடிஞ்சிருச்சு தாயி," என்றார். "எப்பவோ முடிஞ்சிருச்சு. நாந்தான் வந்து சொல்லாம விட்டுட்டேன்."

அந்த அம்மா அவரையே பார்த்தார். அந்தக் கண்கள் சிமிட்டின. பிறகு வாய் திறந்து "யம்மா" என்று ஒரு குரல் வந்தது பாருங்கள், அது எழுபது வயதுக் கிழவியின் குரலாக இல்லை. மலை ஏறி, கீழ் லயம், மேல் லயம், தோட்டத்தின் அடுத்த கணக்குப் பிரிவு வரைக்கும் போயிருக்கும். தோட்டத்தில் அப்படி ஒரு குரல் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கதவுகள் திறந்தன. அடுப்படியில் இருந்த ராமாயி அத்தை கையில் கரண்டியோடு சறுக்கிச் சறுக்கி ஓடி வந்தார்.

"யாருங்க? யாரு போயிட்டாங்க?"

நல்லமுத்து மாமா திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எங்கம்மா," என்றார்.